கடைத்தெரு விளக்கும் வீட்டு விளக்கும்

கம்பம் நகரில் பொழுது புலர்வது கிழக்கு வெளுத்த பிறகு அன்று. தேநீர்க் கடையின் அடுப்பு மூட்டப்படும்போதே அது புலர்ந்துவிடுகிறது. விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் பால் காயும் மணம் தெருவுக்கு வருகிறது. ஐந்து மணியளவில் ஜீப்புகள் வரிசையாக வந்து நிற்கின்றன. கையில் தூக்குவாளியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் ஏறி, நெருக்கியடித்து அமர்கிறார்கள். குமுளி வழியாகவோ கம்பமெட்டு வழியாகவோ மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் நாள் முழுவதும் குனிந்து காய் பறித்து, பொழுது சாயும் நேரத்தில்தான் திரும்புவார்கள். போடிநாயக்கனூரிலும் இதே காட்சிதான். அங்கே ஏறும் வழி போடிமெட்டு.

அதிகாலைப் பேருந்துக்காகக் காத்திருந்த ஒரு நாளில் நாம் இக்காட்சியை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்கு முன் கிடந்த இரண்டு பலகைகளிலும் ஆண்கள் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். பெண்களுக்கோ தேநீர் ஜீப்புக்கே போயிற்று. வண்டியில் இருந்தபடியே, ஒரு தம்ளரை இருவராகப் பகிர்ந்து, சூடு ஆறுமுன் விழுங்கினார்கள். ஒருத்திகூட இறங்கி வந்து பலகையில் உட்காரவில்லை. உட்காரக் கூடாது என்று எவரும் தடுக்கவில்லை. உட்காருங்கள் என்று எவரும் சொல்லவுமில்லை. அவ்வாறு சொல்லாதிருந்தவர்களுள் நாமும் ஒருவர் என்பது பேருந்து புறப்பட்ட பிறகே நமக்கு உறைத்தது.

எனவே, அன்பு வாசகர்களே, இம்மாதம் நம் கடைத்தெருவைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம். நாள்தோறும் நாம் கடந்து செல்லும் தெருதான். ஆயினும் நம் இல்லங்களின் நன்மையும் தீமையும் பெரும்பாலும் அங்கேதான் விலைபேசப்படுகின்றன.

தேநீர் வந்த வழி

நம் பாட்டனார் காலத்தில் இப்பள்ளத்தாக்கின் காலை உணவு கேப்பைக் கூழும் கம்மங்கூழும் நீராகாரமுமே. தேயிலையோ நம் தலைக்கு மேலே மூணாறு மலையில் விளைந்தது. டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகட்டிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி அது குரங்கணிக்கு இறங்கியது. அங்கிருந்து போடி வழியாக வெளியூர்களுக்குச் சென்றது. 1928-ஆம் ஆண்டு மதுரை-போடி இரயில் பாதை திறக்கப்பட்டதற்கு மலைவிளை பொருள்களின் வாணிபமும் ஒரு காரணம். நம் ஊர் வழியாகவே சென்ற அத்தேயிலை நம்மவருக்காக இறங்கவில்லை. கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. 1930-களில் உலகச் சந்தையில் விலை வீழ்ந்த பிறகே, இந்நாட்டு மக்களையும் தேநீர் குடிக்கப் பழக்க வேண்டும் என்று தேயிலை வாணிபத்தார் பெரும் விளம்பரம் செய்தனர். அவ்வாறு வந்தது நாளடைவில் ஏழையின் பசியடக்கும் பானமாக நிலைத்துவிட்டது.

பானத்தைவிடப் பெரிது அதனுடன் வந்த பலகை. எழுத்தறியாதவருக்கு நாளிதழ் படித்துக் காட்டப்பட்டது அங்கேதான். பெரியாறு அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, போடி ஏலத்தில் காயின் விலை என்ன, திராட்சைக்கு வியாபாரி என்ன கேட்கிறான் என்ற செய்திகள் எல்லாம் இன்றும் பலகையில்தான் அலசப்படுகின்றன. அணையில் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இப்பள்ளத்தாக்கு மகிழ்ந்ததை நாம் மறப்பதற்கில்லை. 1895-இல் அவ்வணையைக் கட்டி முடித்த பென்னிகுயிக் துரையின் படம், சாமி படங்களோடு சரியாசனமாக மாட்டப்பட்ட கடைகளும் இங்கு உண்டு.

சீமையில் 'பப்' என்று ஒருவகை விடுதி உண்டு. 'பொது இல்லம்' என்பதே அப்பெயரின் விரிவு. அண்டை வீட்டார் மாலையில் கூடி, உண்டு, பருகி, ஊர்க்கதை பேசும் இடம் அது. அத்தகைய பொது இல்லம் நம் ஊரில் எது என்று கேட்டால், மதுக்கடை அன்று. தேநீர்க் கடையே என்போம்.

ஆனால் அந்தப் பொது இல்லம் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததா? இல்லை. மதுரை, தேனி வட்டாரத்துச் சிற்றூர்கள் பலவற்றில் ஒரு சாராருக்குக் கண்ணாடித் தம்ளரும், மற்றொரு சாராருக்குத் தனிக் குவளையும் வைத்திருந்த கொடுமையை நம்முள் மூத்தவர்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். கடைகளிலும் உணவு விடுதிகளிலும் எவரையும் சாதியின் பெயரால் விலக்கலாகாது என அரசியல் சாசனம் 1950-இலேயே சொல்லிவிட்டது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆயினும் குவளைகள் உடனே ஒன்றாகிவிடவில்லை. குடித்துவிட்டு எறியும் கோப்பை வந்த பிறகு, வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. அது மனம் மாறியதால் மறைந்ததா, கோப்பை மாறியதால் மறைந்ததா? ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம் இக்கேள்வியைப் பிறரிடம் கேட்பதற்கு முன் நம்மிடமே கேட்டுக்கொள்வது நலம்.

இரவுக் கடைகள்

மாலை மயங்கியதும் தெருவின் தாளம் மாறுகிறது. புரோட்டாக் கடைகளில் மாவு வீசப்படும் ஓசையும், கொத்தும் கரண்டியின் ஓசையும் தொலைவிலேயே கேட்கும். வாழையிலையில் இரண்டு புரோட்டாவும் அதன்மேல் வழிய ஊற்றிய சால்னாவும், நாளெல்லாம் உழைத்தவனுக்கு அமிர்தமே. தேனியின் பேருந்து நிலையங்களைச் சுற்றியும், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் கடைவீதிகளிலும் இக்கடைகள் நள்ளிரவுவரை விழித்திருக்கின்றன. இவற்றுக்கு அப்பால், வீட்டு வாசலில் ஒரு விளக்கும் இட்லிக் கொப்பரையும் வைத்துப் பிழைக்கும் தாய்மார்கள் உண்டு. கணவனை இழந்தோ, கணவன் இருந்தும் இழந்தோ, அக்கொப்பரையின் ஆவியிலேயே பிள்ளைகளைக் கல்லூரிவரை ஏற்றிவிட்டவர்கள் அவர்கள். உணவுக் கடைகள் பெருகுவதால் குடும்பம் கெடுகிறது என்று அங்கலாய்ப்பவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. மாதம் ஒருமுறை மனைவி மக்களோடு கடைக்குச் சென்று ஒரே மேசையில் உண்பது வீண் செலவன்று. மூன்று மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டுகிறவளுக்கு ஒருவேளை ஓய்வு கிடைத்தது என்றே கொள்ளலாம்.

நமக்குக் கவலை தருவது மூன்றாவது கடை. அங்கே பலகை இல்லை, நாளிதழ் இல்லை, ஊர்ப்பேச்சு இல்லை. இரும்புக் கம்பியின் இடுக்கில் பணத்துடன் கை உள்ளே போகிறது. புட்டியுடன் வெளியே வருகிறது. அருகிலிருக்கும் 'பார்' என்னும் கொட்டகையிலோ இருண்ட சந்திலோ நின்றவாறே அவசர அவசரமாகக் குடித்து முடிக்கிறார்கள். கடை திறப்பது நண்பகல் பன்னிரண்டு மணிக்கு. மூடுவது இரவு பத்து மணிக்கு. மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கி, கூலி கைக்கு வந்து, வீட்டுக்கு நடக்கும் நேரமெல்லாம் அக்கடை திறந்தே இருக்கிறது.

மதுவிலக்கின் வரலாறு நம் மாநிலத்தில் ஏறி இறங்கிய வரலாறு. 1937-இல் இராஜாஜியின் ஆட்சியில் சேலத்தில் தொடங்கி, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு, 1971-இல் நீக்கப்பட்டு, 1974-இல் மீண்டு, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் அமைக்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே ஏற்றது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் தடவைக்கு ஐந்நூறு கடைகள் மூடப்பட்டன. கடைசித் தடவைக்குப் பின்னும் 4,829 கடைகள் எஞ்சின. கடையை மூடுக என்று பெண்கள் தெருவில் இறங்கிப் போராடியதை நாம் போற்றுகிறோம். ஆயினும் கடையை மூடினால் மட்டும் தீர்ந்துவிடுமா? 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தது, தாகத்தின் வேர் வேறிடத்தில் இருப்பதைக் காட்டவில்லையா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால் புட்டியும் தொடுகறியும் சேர்ந்து நாளொன்றுக்கு இருநூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேலை நாள் இருபத்தாறு என்றால், மாதம் 5,200 ரூபாய். ஆண்டுக்கு 62,400 ரூபாய். ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பு அதிலே இருக்கிறது. ஒழுகும் கூரையின் செப்பனீடும், வட்டிக்காரரிடம் இருக்கும் தாலிச் சங்கிலியின் மீட்சியும் அதிலேயே இருக்கின்றன.

நம் வீட்டில் நடந்தது

கானாவூரில் ஆண்டவரே இரசம் அளித்தாரே என்று வினவுவோர் உண்டு. திராட்சைக் கொடி படர்ந்த இப்பள்ளத்தாக்கில் இக்கேள்வி எழுவது இயல்புதான். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது; இவ்வகையை 1832-இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்பர். திராட்சைமேல் நமக்குப் பகையில்லை. ஆனால் கானாவூரில் நிகழ்ந்தது என்ன? ஒரு மணவீட்டின் மானம் காக்கப்பட்டது. நம் விருந்துகளில் நிகழ்வது என்ன? அதற்கு நாமே சான்று கூறுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத்துப் பிள்ளை ஒன்றுக்குப் புதுநன்மை விழா நடைபெற்றது. "மாமன் மச்சான்களைக் கவனிக்க வேண்டாமா?" என்று உறவினர் கேட்டனர். ஊர் வழக்கம் என்று எண்ணி, சில ஆயிரம் ரூபாயை ஓர் இளைஞரிடம் கொடுத்து, பின்கட்டு அறையையும் ஒதுக்கிக் கொடுத்தோம். கையைக் கழுவிக்கொண்டோம் என்றே சொல்ல வேண்டும். அந்த அறைக்குள் போனவர்களுள் ஒருவர், எட்டு மாதமாகக் குடியை விட்டிருந்தவர். அதற்காக அவருடைய மனைவி செய்த நேர்ச்சைகளும் ஒடுக்கிய உணவும் நமக்குத் தெரியும். அன்று விட்ட இடத்திலிருந்தே அவர் மீண்டும் தொடங்கினார். மறுவாரம் அந்த அம்மையார் நம் வீட்டு வாசலில் நின்று, "அண்ணே, உங்க வீட்டு விசேஷம்னுதான் நம்பி அனுப்பிச்சேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாமும் மறுமொழி கூற இயலாமல் நின்றோம். வெள்ளை உடையணிந்த நம் பிள்ளை அன்று அந்த அறையின் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததும் பிறகே நமக்குத் தெரியவந்தது.

இனி என் செய்வோம்?

முதலாவதாக, திருமணம், புதுநன்மை, காதுகுத்து, துக்கவீடு ஆகிய எதற்கும் பின்கட்டு அறை வேண்டாம் என்று நம் குடும்பத்தில் முடிவு செய்வோம். உறவினர் முகம் சுளிப்பர், சுளிக்கட்டும். நம் இல்லத்தில் இப்போது அவ்வறை இல்லை. முதல் விழாவில் இருவர் உண்ணாமலே போனார்கள். அடுத்த விழாவில் அவர்களும் பந்தியில் அமர்ந்தார்கள்.

இரண்டாவதாக, குடிக்கு அடிமையானவரைத் தீயவர் என்று ஒதுக்காமல் நோயாளி என்று நடத்துவோம். திடீரென்று குடியை நிறுத்தும்போது நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும். அவை உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலால் நெடுநாள் குடித்தவரைச் சத்தியம் வாங்கி வீட்டில் பூட்டி வைப்பதைவிட, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே அறிவுடைமை. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனையும் பெறலாம். மீண்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் குழுக்களும் உண்டு. 1935-இல் அமெரிக்காவில் இருவரால் தொடங்கப்பட்ட அம்முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. மீண்டவர் ஒருமுறை தவறினால் எல்லாம் முடிந்ததென்று கைவிடலாகாது. நம் வீட்டு விழாவில் தவறிய அந்த அன்பர் இரண்டாம் முறை சிகிச்சை பெற்றார். இன்று தேநீர்க் கடைப் பலகையில் நம்மோடு அமர்ந்து நாளிதழ் படிக்கிறார்.

மூன்றாவதாக, வாரக் கூலி கைக்கு வரும் நாளில் கணவனும் மனைவியும் ஒன்றாகக் கடைத்தெருவுக்குச் செல்லும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வோம். அரிசி பருப்பு வாங்கி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வடை வாங்கி, ஒரு பலகையில் அமர்ந்து தேநீர் பருகித் திரும்பினால், இடையிலிருக்கும் மூன்றாவது கடையைத் தாண்டுவது எளிதாகும். தனியே நடக்கிறவனுக்குத்தான் அந்தத் தெரு நீளமானது.

இறுதியாக அந்தப் பலகை. தம் உழைப்பால் இப்பள்ளத்தாக்கின் அடுப்புகளை எரியவைக்கும் பெண்களுக்கு அங்கே இடமில்லை என்பது எழுதாத சட்டம். அதை மாற்ற அரசாணை வேண்டியதில்லை. சென்ற மாதம் நாம் மறுபடியும் கம்பத்தில் அந்நேரம் நிற்க நேர்ந்தது. பலகையில் இருந்த நாம் எழுந்து, ஜீப்பருகே நின்ற ஒரு மூதாட்டியிடம், "உட்காருங்கள், ஆத்தா" என்றோம். ஐயத்தோடு நம்மைப் பார்த்தவர், பிறகு தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். கடைக்காரர் தேநீரை அவர் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். ஜீப் ஓட்டுநர் ஒலியெழுப்பினார். "இருப்பா, குடிச்சிட்டு வாரேன்" என்று ஆத்தா நிதானமாகச் சொன்னார். ஜீப் காத்திருந்தது.