பட்டறைக்கும் வேண்டும் இயற்பியல்

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின், புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்தது. இன்று சிறு கணிப்பொறியே பெட்ரோலை அளந்து விடுகிறது.

தரங்கம்பாடியில் வண்டியில் மீன் விற்கும் என் மாமா, ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் வண்டி திணறுகிறதென்று, பல நாள் வருமானத்தைக் கொடுத்துக் கணிப்பொறியை மாற்றினார். திணறல் தீரவில்லை. அடைத்திருந்தது பெட்ரோல் வடிகட்டி!

திருகியதும் காற்று விரைந்து நுழைகிறது. அதற்கு ஈடாகக் கணிப்பொறி கூடுதல் பெட்ரோல் கேட்கிறது. குழாயில் அழுத்தமே இல்லையெனில் அக்கணக்கு எப்படிப் பலிக்கும்? முதலில் அழுத்தத்தை அளக்க வேண்டும். கணக்கைத் திருத்துவது பிறகு.

1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஊர் இது. ஆயினும் இதை விளக்கும் தமிழ்க் கையேடு எதையும் இங்குள்ள பட்டறைகளில் நான் கண்டதில்லை. அறிவியல் பயிலும் நாம் எழுதாவிடில் வேறு யார் எழுதுவார்?