களைத்த காலுக்கு வழி என்ன?

சென்ற ஆண்டு நம் பகுதித் தோட்ட இளைஞர்களின் உதைபந்தாட்டப் போட்டியொன்று நடைபெற்றது. காலை எட்டு மணிக்குத் தொடங்கிய ஆட்டங்கள், மாலையில் அப்புத்தளைப் பனிமூட்டம் மைதானத்தை மூடும் வரையில் நீடித்தன. இறுதியாட்டத்தில் இறங்கிய எங்கள் பையன்களுக்கு அஃது அன்றைய நான்காவது ஆட்டம். பந்தைத் துரத்திச் சென்ற மாணவன் ஒருவன், எவரும் மோதாமலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு வீழ்ந்தான். "நடிக்காதேடா, எழும்பு!" என்று கரையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. கொழுந்தெடுத்துப் பழகிய தாயொருத்தி மாத்திரம், "புள்ளைக்குக் கால்ல வலு விட்டுப்போச்சுங்க சார்" என்றாள். அவள் கூற்றே மெய்யாயிற்று. தொடைத் தசை கிழிந்து, ஆறு வாரங்கள் அவன் நொண்டினான். நான்காம் முறையும் அவனை இறங்கச் சொன்னவன் நானேயாதலால், இதை எழுதும் கடமையும் என்னுடையதே.

முழு ஆட்டமொன்றில் ஒருவர் ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தூரம் ஓடுகிறார். சீராக அன்று, நின்று, திடீரெனப் பாய்ந்து, திரும்பி, மறுபடியும் பாய்ந்து ஓடுகிறார். அதற்கான எரிபொருள், தசைகளிற் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோசன் என்னும் மாப்பொருளாகும். ஆட்டத்தின் முடிவில் அதிற் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நன்றாக உண்டாலும் அது மீண்டும் நிரம்ப ஒரு நாளோ, இரண்டு நாள்களோ, சிலவேளை அதற்கு மேலுமோ செல்லும். தசைநோவும் உடனே உச்சத்தை அடைவதில்லை. பெரும்பாலும் இரண்டாம் நாளிலேயே அது கடுமையாக வருத்தும்.

இவ்வளவையும் அறிந்தபின் 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவை நினைக்கும்போது வியப்பு மேலிடுகிறது. இந்திய அணி ஆகஸ்டு 26ஆந் தேதி தென் கொரியாவிடம் தோற்றது. 28ஆந் தேதி தாய்லாந்தையும், இடையில் ஒருநாள் ஓய்வுமின்றி 29ஆந் தேதி ஜப்பானையும் வென்றது. செப்டம்பர் 1ஆந் தேதி அரையிறுதி. 4ஆந் தேதி இறுதி. பத்து நாள்களில் ஐந்து ஆட்டங்கள்! தாய்லாந்துடன் ஆடுகையில் பின்களக் காவலர் ஜர்னையில் சிங்கின் தலை பிளந்து தையல் போட நேர்ந்தது. கோல் காப்பாளர் பீற்றர் தங்கராஜைக் காய்ச்சல் வாட்டியது. ஹைதராபாதிற் பிறந்து, மதராஸ் ரெஜிமென்டல் சென்டரில் இராணுவப் பணி புரிந்த நெடிய மனிதர் அவர்.

பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம் என்ன செய்தார்? காயம்பட்ட ஜர்னையிலைப் பின்களத்தில் நிறுத்தாது, அரையிறுதியில் முன்களத்திற்கு அனுப்பினார். அவர் அங்கும் கோல் அடித்தார்; தென் வியட்நாம் 3-2 எனத் தோற்றது. இறுதியாட்டத்திற்குத் தங்கராஜைத் திரும்ப அழைத்தார். தென் கொரியாவுக்கு எதிராகப் பி. கே. பானர்ஜி ஒன்றும், ஜர்னையில் ஒன்றுமாக அடித்த கோல்களால் 2-1 என இந்தியா தங்கம் வென்றது. ரஹீமோ அப்போதே புற்றுநோயின் பிடியில் இருந்தார். 1963ஆம் ஆண்டு ஜூன் மாதம் மறைந்தார். அவ்வெற்றியை நான் போற்றுகிறேன். ஆயினும், தையல் போட்ட தலையுடன் பந்தை முட்டுவதை இக்காலத்து மருத்துவர் எளிதில் அனுமதியார். நம் பிள்ளைகளுக்கு அதை முன்மாதிரியாகக் காட்டவும் எனக்கு மனமில்லை.

உலகக் கிண்ணப் போட்டியில் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கமே 1970ஆம் ஆண்டில்தான், அதுவும் இருவர் என்ற அளவில், வந்தது. 2022ஆம் ஆண்டு கட்டாரில் ஒவ்வோர் அணியும் 26 பேரை அழைத்துச் செல்லவும், ஆட்டமொன்றில் ஐவரை மாற்றவும் இடமளிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுப் போட்டியோ 48 நாடுகள், 104 ஆட்டங்கள் என விரிக்கப்பட்டது. கிண்ணத்தை வெல்ல முன்பு 7 ஆட்டங்கள் போதும். இவ்வமைப்பில் 8 வேண்டும். ஆட்டங்களைப் பெருக்குவோரே ஓய்வைப் பற்றியும் பேசுவது விந்தையன்றோ!

பெரிய அணிகள் செய்வன எல்லாம் நமக்கு எட்டாதவையல்ல. ஆட்டம் முடிந்த சில மணி நேரத்திற்குள் மாப்பொருள் நிறைந்த உணவு வேண்டும் என்கிறார்கள். நம் வீட்டு ரொட்டியும் சம்பலும், சீனி போட்ட தேத்தண்ணீரும், பருப்புக் கறியோடு சோறும் அதற்குப் போதுமானவை. அவர்கள் பனிக்கட்டி நிரப்பிய தொட்டியில் இறங்குகிறார்கள். நம் பையன்கள் பீலிக்கரையில் நிற்கிறார்கள். குளிர்ந்த நீர் தசைநோவைத் தணிப்பது உண்மையே. அடுத்தடுத்து ஆட்டங்கள் உள்ளபோது அது நன்று. ஆனால் வலிமைப் பயிற்சி செய்யும் மாதங்களில் நாள்தோறும் தசையைக் குளிர்வித்தால், தசை வளர்ச்சி சற்றுக் குன்றும் என்றும் ஆய்வாளர் கண்டுள்ளனர்.

யாவற்றிலும் மேலானது உறக்கம். இங்கேதான் எனக்கு வாயடைத்துப்போகிறது. லயத்தின் ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்து, விடியுமுன் தாய் அடுப்பு மூட்டும் ஓசையில் விழிக்கும் பிள்ளையிடம், "ஒன்பது மணி நேரம் உறங்கு" என்று எந்த முகத்தோடு கூறுவேன்? ஆட்டத்திற்கு முந்திய இரவுகளில் பள்ளி வகுப்பறை ஒன்றைப் பாய்களுடன் திறந்துவிட, அதிபரிடம் இசைவு பெற்றிருக்கிறேன்.

இவ்வாண்டுப் போட்டிக்குப் பதினொருவரையன்றி, பதினாறு பேரின் பெயரை எழுதிக் கொடுத்தாயிற்று. ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்துமாறும் அமைப்பாளரைக் கேட்டேன். மைதான வாடகை இரட்டிப்பாகுமே என்று தயங்குகிறார். பெற்றோர் சிலர் அவரைப் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுள் அந்தத் தாயும் ஒருத்தி.