மூன்றாம் ஆள் வேண்டாத கடிதங்கள்



சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் அம்மாவின் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது துருப்பிடித்த மைலோ டின் ஒன்று கிடைத்தது. உள்ளே பத்தொன்பது கடிதங்கள். 1969இல் பரிசம் போட்ட நாள் முதல் 1970இல் தாலி கட்டும்வரை, அடுத்தடுத்த தோட்டங்களில் வாழ்ந்த அப்பாவும் அம்மாவும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவை. அதற்குமுன் பெண் பார்க்க வந்த அன்று ஒரே ஒருமுறைதான் அவர்கள் முகம் பார்த்திருந்தனர்.

“எரித்துவிடு ஐயா, பேரப்பிள்ளைகள் பார்த்தால் வெட்கம்” என்றார் அம்மா. அப்பா இன்று நம்மோடு இல்லை. எனக்கு எரிக்க மனம் வரவில்லை. கெஞ்சிக் கேட்டபின் ஒரு கடிதத்தையும் அதற்கான பதிலையும் மட்டும் படிக்க அனுமதித்தார். இங்கே எழுதவும் இசைந்தார்.

1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த நம்மவர் பலர் பால்மரங்களை விட்டுக் கப்பலேறினர். அம்மாவிடம் இருந்தது நீல அட்டை, அப்பாவிடம் சிவப்பு. அப்பா எழுதுகிறார்: “பெர்மிட் கிடைக்காவிட்டால் நான் ஊருக்குப் போகவேண்டியதுதான். இப்போதே சொல்லிவிடு. நிறுத்திக்கொள்ளலாம். உன்மேல் குறை சொல்லமாட்டேன்.”

அம்மாவின் பதில் மூன்றே வரிகள்: “கப்பலில் இரண்டு பேருக்கு என்ன காசு என்று கேட்டு எழுதுங்கள். கொலுசு வாங்கவேண்டாம். அந்தக் காசை டிக்கெட்டுக்கு வையுங்கள்.”

பெர்மிட் கிடைத்தது; கப்பல் ஏறவில்லை. ஆனால், இந்த மூன்று வரிகளை அம்மா எப்படி எழுதினார் என்பதே என் சிந்தனையைக் கிளறுகிறது.

அம்மாவைப் பெற்ற பாட்டி கைநாட்டு. ஊரிலிருந்து கடிதம் வந்தால் கிராணியிடமோ பள்ளி வாத்தியாரிடமோ கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்பாராம். பதிலையும் அவர்களே எழுதுவார்கள். தாம் சொன்னது எது, எழுதியவர் சேர்த்தது எது என்று பாட்டிக்குத் தெரியாது. அண்ணன் இறந்த செய்தியைக்கூட அவர் அந்நியர் வாயால்தான் அறிந்தார்.

அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவர். அவ்வளவே. ஆயினும் தம் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை எவர் துணையுமின்றித் தம் கையால் எழுதினார். தமிழ்ப்பள்ளி நமக்கு என்ன தந்தது என்று கேட்போருக்கு நான் இனிச் சொல்லப்போகும் பதில் இதுதான்.

இனி, நெஞ்சை உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். தேசியப் பள்ளியில் படிக்கும் என் அண்ணன் மகள் அந்த டின்னைக் கண்டாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஒரு கடிதத்தை எடுத்து நீட்டி, “சித்தப்பா, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்” என்றாள். என் பாட்டி கிராணிமுன் நின்ற அதே கோலம்! இடையில் இரண்டு தலைமுறை மட்டும் எழுத்தோடு வாழ்ந்திருக்கிறது.

கைப்பேசி படித்துச் சொல்லாதா என்று சிலர் கேட்கலாம். சொல்லலாம். அதுவும் ஒரு கிராணிதானே? மின்கட்டண ரசீதை யார் படித்துச் சொன்னாலும் குற்றமில்லை. காதல் கடிதத்திற்கு மூன்றாம் ஆள் ஆகாது. பெற்ற தாயின் கடிதத்தை மகன் உரக்கப் படிப்பதும் முறையன்று. தனியே அமர்ந்து, தானே படிக்கவேண்டிய எழுத்து அது.

வகுப்பில் உறவுக்கடிதம் கற்பிக்கும் நாமும் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். முகவரி, தேதி, விளிப்பு என்று அமைப்பை மனனம் செய்யவைக்கிறோம். யாருக்கும் போய்ச் சேராத கடிதங்களுக்குப் புள்ளி இடுகிறோம். ஆண்டுக்கு ஒன்றாவது அஞ்சல்தலை ஒட்டி, தாத்தா பாட்டிக்கு உண்மையாகவே அனுப்பச் செய்யலாம். தேசியப் பள்ளியை நாடிய பெற்றோரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அங்கும் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடமளிக்கிறது. கேட்கவேண்டியவர்கள் நாம்தாம்.

வீட்டில் பழைய கடிதங்கள் இருந்தால் எரித்துவிடாதீர்கள். எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே, எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அம்மா முடிவு செய்துவிட்டார். “நீ படித்துக் காட்டாதே. அவளே படிக்கக் கற்றுக்கொண்டால் டின் அவளுக்கு” என்றார். அண்ணன் மகள் இப்போது சனிக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வருகிறாள். உயிர்மெய் வரிசையில் ககரம் முடிந்திருக்கிறது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய, துதிக்கை வைத்த ‘லை’யையும் ‘ணை’யையும் அவளுக்குத் தனியே சொல்லித்தர வேண்டும். அம்மாவின் கடிதம் முழுக்க அவைதாம்.