காற்று டாங்கியும் சொந்தக்காரர் பொறுப்பும்

நெல் ஆலைகளிலும், பஞ்சு அரவைச் சாலைகளிலும், டிராக்டர் பட்டறைகளிலும் காற்றை அமுக்கித் தரும் கம்ப்ரஸர் யந்திரம் இப்பொழுது சாதாரணமாகக் காணப்படும் பொருளாகிவிட்டது. அரிசியில் கறுப்பு மணியைப் பிரித்துத் தள்ளும் யந்திரம் அமுக்கிய காற்றைக் கொண்டே வேலை செய்கிறது. டிரெய்லர் சக்கரங்களுக்குக் காற்றடிக்கவும், வடிகட்டிகளில் படிந்த தூசியை ஊதித் தள்ளவும், கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் காற்றின் பலத்தால் மேலே கொணரவும் அது உதவுகிறது. இவ்வளவு உபயோகமுள்ள சாதனத்தைப் பற்றி விவசாயிகளிடையே ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. நெருப்பும் நீராவியும் அபாயமானவை, காற்றோ சாதுவானது என்பதே அவ்வெண்ணம்.

சட்டமும் ஓரளவுக்கு இவ்வெண்ணத்துக்கு இடங்கொடுத்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். புழுங்கலரிசி ஆலையிலுள்ள பாய்லர் சட்டத்துக்கு உட்பட்டதாயின், உரிய காலத்தில் சோதனை செய்து சான்று பெற்றாலன்றி அதில் நெருப்பு மூட்டக்கூடாது என்பது 1923-ஆம் ஆண்டு முதல் நிலைத்து வரும் விதி. அதே ஆலையில் சுவருக்கு அப்பால் நிற்கும் காற்று டாங்கியையோ, வாங்கின நாள் தொட்டு எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 31-வது பிரிவில் இத்தகைய கலங்களுக்கும் விதி வகுத்தது. ஆனால் யந்திர பலத்தைக் கொண்டு பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களையே அது பொதுவாகத் தொழிற்சாலை என்று கொண்டது. இரண்டு ஆட்களுடன் நடக்கும் பட்டறையும், வயல் நடுவிலுள்ள கொட்டகையும் அதன் கண்ணுக்கு எட்டவில்லை. ஆகவே அவ்விடங்களில் வேலை செய்யும் கூலியாளின் உயிருக்குச் சொந்தக்காரரின் கவனத்தைத் தவிர வேறு காவல் கிடையாது.

காற்று சாதுவானதா என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 18 அங்குல விட்டமுள்ள ஒரு டாங்கியில் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அழுத்தம் இருக்குமானால், அதன் ஒவ்வொரு முனை மூடியையும் காற்றானது ஏறக்குறைய 17 டன் பலத்துடன் வெளியே தள்ளிக் கொண்டிருக்கிறது. அந்த டாங்கி 200 லிட்டர் கொள்வதானால், அதில் அடைபட்டிருக்கும் சக்தி ஒரு டன் பாரத்தை உயர்ந்த தென்னையின் உச்சியாகிய 80 அடிக்குத் தூக்கப் போதும். தகடு கிழியும்போது இவ்வளவும் கண் மூடித் திறப்பதற்குள் வெளிப்படுகிறது. அருகில் நிற்பவன் ஓடுவதற்கு அவகாசமில்லை.

தகடு கிழிவதற்கு முக்கிய காரணம் துரு. காற்றில் எப்பொழுதும் ஈரம் உண்டு. மழைக் காலத்தில் அதிகம். அமுக்கிய காற்று ஆறும்போது அவ்வீரம் தண்ணீராகி டாங்கியின் அடியில் தேங்குகிறது. அடியிலுள்ள வடிகுழாயை நாள்தோறும் வேலை முடிந்ததும் திறந்துவிட்டால் இத்தண்ணீர் வெளியேறிவிடும். இதற்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. இருந்தும், இவ்வேலை செய்யப்படாத டாங்கிகளே அதிகம். சில இடங்களில் வடிகுழாய் சாணியும் மண்ணும் அடைத்துத் திருகவும் முடியாமல் இருக்கிறது. வெளியே வர்ணம் பளபளவென்றிருக்க, உள்ளே தகடு அரித்துக்கொண்டே போகும்.

"பதினைந்து வருஷமாக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லையே" என்று கூறும் மிராசுதார்கள் உண்டு. மாட்டையோ வண்டியையோ பற்றியானால் இந்த அநுபவ வாதம் செல்லும். துருப் பிடிக்கும் டாங்கியைப் பற்றிச் செல்லாது. பதினைந்து வருஷம் ஓடியது என்பது பதினைந்து வருஷம் தேய்ந்தது என்பதற்கு மறுபெயரே. முதல் வருஷத்தைவிடப் பதினாறாம் வருஷத்திலேயே அதிக பயம் வேண்டும்.

டாங்கியின் மேலுள்ள ஸேப்டி வால்வின் கதி இன்னும் பரிதாபமானது. குறித்த அழுத்தத்துக்கு மேற்பட்டால் காற்றைத் தானே வெளிவிடுவதற்காக அது அமைக்கப்பட்டது. அது சீறுவதைக் காற்று வீணாவதாக எண்ணி, ஸ்பிரிங்கை இறுக்கிவிடுவதும், அதைக் கழற்றிவிட்டுத் துளையில் ஆணி அடைப்பதும் உண்டு. இப்படிச் செய்பவன் பெரும்பாலும் கூலியாள். ஆனால் டிரெய்லர் சக்கரம் சீக்கிரம் நிரம்ப வேண்டுமென்று அவனை அவசரப்படுத்தியவர் யார் என்பதும் விசாரிக்கத் தக்கது.

டாங்கியின் பலத்தை அறிய நம்பத்தக்க வழி ஒன்றுண்டு. உள்ளே காற்றே இல்லாதபடி தண்ணீரை நிரப்பி, கைப்பம்பினால் வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரை ஏற்றி, கசிவும் புடைப்பும் உண்டா என்று பார்ப்பது நெடுங்கால வழக்கம். தண்ணீர் ஏன் என்றால், அது அமுங்குவது அற்பம். அதே அழுத்தத்தில் காற்றில் அடங்கும் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடத் தண்ணீரில் இராது. ஆகவே தகடு விட்டாலும் தண்ணீர் பீச்சி நின்றுவிடும். காற்றையே ஏற்றிச் சோதிப்பது சோதனையல்ல, விபத்தை வலிய அழைப்பதாகும்.

ஊசித் துளை கண்ட டாங்கியைப் பட்டறைக்கு அனுப்பி ஒட்டுப் போடும் பழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். துளை ஏற்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள தகடும் மெலிந்தே இருக்கும். மெலிந்த தகட்டில் வைத்த வெல்டிங் கண்ணுக்கு ஆறுதல் அளிக்குமேயன்றி டாங்கிக்குப் பலம் அளிக்காது. அத்தகைய டாங்கியைப் பழைய இரும்புக்கு விற்பதும் போதாது. சொந்தக்காரர் தம் கண்ணெதிரில் அதை இரண்டாக வெட்டச் செய்ய வேண்டும். இல்லாவிடில் புது வர்ணம் பூசிக்கொண்டு அடுத்த ஊர்க் கொட்டகைக்கு அது வந்து சேரும். டாங்கி செய்தவர் பெயரும், அனுமதித்த அழுத்தமும், செய்த ஆண்டும் பொறித்த தகடு இல்லாத பழைய டாங்கியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது.

அமுக்கிய காற்றை விளையாட்டுக்கு உபயோகிப்பதும் உண்டு. உமி தூசி படிந்த உடம்பையும் துணியையும் காற்றுக் குழாயால் ஊதிக்கொள்வதால் தூசி கண்ணிலும் காதிலும் பாய்கிறது; காயத்தின் வழியே காற்று தோலுக்கடியிற் புகுவதும் உண்டு. கேலிக்காக ஒருவன் ஆசனவாயருகே குழாயைப் பிடித்ததில் குடல் கிழிந்து மாண்டவர்களும் இருக்கிறார்கள். இதைக் கேலி என்று பேசுவதையே சொந்தக்காரர்கள் நிறுத்திவிட வேண்டும்.

காஸ் வெல்டிங் ஸிலிண்டர்களைப் பற்றிய முக்கிய எச்சரிக்கை ஒன்றே. கறுப்பு வர்ணமுள்ள ஆக்ஸிஜன் ஸிலிண்டர் நிரம்பியிருக்கையில் அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டுக்கு மேல். அதன் வாயில் எண்ணெயோ கிரீஸோ பட்டால் நெருப்பில்லாமலே பற்றக்கூடும். காற்றுக்குப் பதிலாக ஆக்ஸிஜனைக் கொண்டு டீசல் குழாயை ஊதுவதும், சக்கரத்துக்குக் காற்றடிப்பதும், எண்ணெய் உள்ள இடத்தில் வெடி வைப்பதற்கு ஒப்பாகும். பழுப்புச் சிவப்பான அஸெடிலின் ஸிலிண்டரைப் படுக்கவைத்து உபயோகித்தால் உள்ளிருக்கும் அஸெடோன் திரவமும் காஸுடன் வெளிவரும். ஆதலால் அதை நிமிர்த்தியே வைக்க வேண்டும். இரண்டையும் சங்கிலியால் சுவரோடு கட்டுவதற்கு ஆகும் செலவு சொற்பம். சாய்ந்து விழுந்து வால்வு முறிந்த ஆக்ஸிஜன் ஸிலிண்டர் சுவரைத் துளைத்துப் போகும்.

தண்ணீர்ச் சோதனைக்குரிய கைப்பம்பும் மீட்டரும் ஒவ்வொரு சொந்தக்காரரும் வாங்கத் தேவையில்லை. பக்கத்துக் கிராமங்கள் நாலைந்து சேர்ந்து ஒன்றை வாங்கி, தேர்ந்த மெக்கானிக் ஒருவர் பொறுப்பில் விட்டு, ஆலைக்கு வேலை குறைந்த மாதத்தில் முறை வைத்துச் சோதித்துக்கொள்ளலாம். கிராம அதிகாரிகள் தம் எல்லையிலுள்ள டாங்கிகளுக்கு ஒரு ஜாபிதா எழுதி, கடைசியாகச் சோதித்த தேதியை எதிரே குறித்து வைக்கலாம். அப்படி எழுதத் தொடங்கினால், முதல் ஆண்டில் அந்தப் பத்தி பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.