பிறவி அடிமைக்கும் பிறந்த வருஷம் உண்டு

சமீபத்தில் முதலிபாளையம் சென்றிருந்தபோது ஒரு தோழர் வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். தோழர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அவர் மனைவியார் செக்கிங் வேலைக்குப் போகின்றவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் சரித்திரம் எடுத்துப் படிக்கின்றாள். பரீட்சை நெருங்கிவிட்டபடியால், அந்தப் பெண் "புரட்சிகளின் காலம்" என்னும் பாடத்தில் அமெரிக்க சுதந்திர யுத்தத்தை உரக்க உருப்போட்டுக்கொண்டிருந்தாள். 1773 பாஸ்டன் தேநீர் விருந்து, 1776 சுதந்திரப் பிரகடனம், 1783 பாரிஸ் உடன்படிக்கை என்று மந்திரம் ஜெபிப்பதுபோல் வருஷங்கள் வந்துகொண்டிருந்தன.

தோழர் நம்மைப் பார்த்து, "ஏனுங்க, அமெரிக்காவுல இருந்து ஆர்டர் வந்தா நமக்குச் சோறுங்க. அவன் பாட்டன் கதையைப் படிச்சு இவளுக்கு என்னங்க ஆகப்போகுது?" என்றார். 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பட்ட பாடு அவர் மனதைவிட்டு அகலவில்லை. பெண்ணோ, "கதை நெனப்புல நிக்குதுங்க ஐயா, இந்த வருஷந்தான் நிக்கமாட்டேங்குது" என்றாள்.

தோழர்களே! தகப்பனார் கதையே வேண்டாம் என்கிறார். மகள் வருஷம் வேண்டாம் என்கிறாள். நாமோ, அந்தச் சரித்திரத்தில் நமக்கு மிகவும் வேண்டியது வருஷம்தான் என்கின்றோம். ஏன் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

இங்கிலீஷ்காரர்கள் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரை ஏற்படுத்தியது 1607-இல். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட சுமார் 20 கறுப்பர் அங்கே கொண்டுவந்து விற்கப்பட்டது 1619-இல். அந்த ஆரம்ப காலத்தில் கறுப்பர் என்றாலே ஆயுள் அடிமை, அவன் பிள்ளையும் அடிமை என்று எழுதிவைத்த சட்டம் வர்ஜீனியாவில் கிடையாது. சில கறுப்பர் விடுதலை பெற்றுச் சொந்த நிலமும் வைத்திருந்தார்கள். அப்படியானால் பிறவி அடிமைத்தனம் எப்பொழுது வந்தது? அதற்கு வருஷம் இருக்கிறது. 1662-இல், தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா சட்டசபை சட்டம் செய்தது. எஜமானன் தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளைகூட இதனால் அவனுக்கே சொத்தாயிற்று. 1667-இல், ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே என்று மற்றொரு சட்டம் செய்தார்கள். ஆத்துமாவுக்கு மோட்சம் உண்டு, உடம்புக்கு விடுதலை இல்லை என்றால், மதம் யாருக்குக் காவல் நின்றது என்று கேட்கின்றோம்.

இன்னும் கேளுங்கள். 1676-இல் பேக்கன் என்பவன் தலைமையில் வர்ஜீனியாவில் ஒரு கலகம் நடந்தது. அவன் ஒன்றும் தர்மவான் அல்ல. செவ்விந்தியர்களைக் கொன்று நிலம் பிடிக்கும் ஆத்திரமும் அந்தக் கலகத்தில் இருந்தது. ஆனாலும் அதில் ஏழை வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து நின்றார்கள். கடைசிவரை ஆயுதத்தைக் கீழே போட மறுத்தவர்களில் சுமார் 80 கறுப்பரும் 20 வெள்ளைக் கூலிகளும் இருந்தார்கள். இந்தச் சேர்க்கை பண்ணைக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அடுத்த முப்பது வருஷத்திற்குள் கறுப்பனை இன்னும் கீழே அழுத்தி, ஏழை வெள்ளையனுக்கு "நீ அவனைவிட மேல்" என்னும் வெறும் பெருமையைக் கொடுத்து, 1705-இல் அடிமைச் சட்டங்களை ஒன்றாகத் தொகுத்து முடித்தார்கள். வயிறு நிறையாதவனுக்குப் பிறப்பின் பெருமையைக் கூலியாகக் கொடுக்கும் இந்தத் தந்திரம் நமக்குத் தெரியாததா?

பிறகுதான் நம் பெண் உருப்போடும் 1776 வருகிறது. எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டார்கள் என்று பிரகடனம் எழுதிய ஜெபர்சன், தன் ஆயுளில் 600-க்கு மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். 1787-இல் எழுதிய அரசியல் சட்டத்தில், பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கொள்வது என்று ஏற்பாடு செய்தார்கள். அந்த அடிமைகளுக்கு ஓட்டு உண்டா? இல்லை. தலையை எண்ணிக்கொண்டது எஜமானனுடைய பலத்தைப் பெருக்குவதற்காகவே!

பஞ்சையும் நூலையும் நம்பிப் பிழைக்கும் திருப்பூர்க்காரர்கள் 1793-ஐயும் மறக்கக்கூடாது. அந்த வருஷம் விட்னி என்பவர் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரத்தைச் செய்தார். இயந்திரம் வந்தால் உழைக்கிறவனுக்கு ஓய்வு கிடைக்கும் என்பார்கள். அங்கே நடந்தது என்ன? கொட்டை பிரிப்பது சுலபமானதும் பருத்திக் காடுகள் பெருகின. காடு பெருகப் பெருக அடிமைகளும் பெருகினார்கள். 1790-இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-இல் சுமார் 40 லட்சம் ஆனார்கள். குற்றம் இயந்திரத்தினுடையதல்ல, அது யார் கையில் இருந்தது என்பதே விஷயம்.

முடிவுக்கும் வருஷம் உண்டு. உள்நாட்டு யுத்தத்தில் லட்சக்கணக்கானவர் மாண்ட பிறகு, 1865-இல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. அதைப் பார்த்துப் பூனாவில் ஒருவர் உற்சாகம் கொண்டார். ஜோதிராவ் பூலே 1873-இல் "குலாம்கிரி" என்னும் தம் புத்தகத்தை, கறுப்பரின் அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அமெரிக்காக்காரன் பாட்டன் கதை நமக்கு எதற்கு என்று கேட்ட தோழருக்கு, பூலே அன்றே பதில் சொல்லிவிட்டார் என்போம்.

ஆகவே, வருஷம் என்பது வெறும் இலக்கமல்ல. ஒரு கொடுமைக்கு ஆரம்ப வருஷம் உண்டு என்றால், அதைச் செய்த கை உண்டு என்று அர்த்தம். செய்தவன் மனிதன் என்றால், அழிக்கவும் மனிதனால் ஆகும் என்று அர்த்தம். நம் ஊரில் டீக்கடையில் தனித் தம்ளர், தனிச் சுடுகாடு இவைகளைப்பற்றிக் கேட்டால், "ஆதி காலந்தொட்டு வந்த வழக்கமுங்க" என்கின்றார்கள். ஆதி காலம் என்பது எந்த வருஷம்? வருஷம் சொல்லத் தெரியாத இடத்தில்தானே "ஆண்டவன் கட்டளை" வந்து உட்கார்ந்துகொள்கின்றது? 1950 ஜனவரி 26 முதல் அமலில் உள்ள அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. அந்த வருஷத்தையும் நம் பிள்ளைகள் டீக்கடைக்காரருக்குச் சொல்லிக் காட்டட்டும்.

பரீட்சையில் புத்தகத்தில் உள்ளபடியே எழுதி மார்க்கு வாங்கட்டும், அது வேண்டியதுதான். ஆனால், எந்த வருஷம் என்பதோடு நிறுத்தாமல், யார் செய்தது, யாருடைய லாபத்திற்காகச் செய்தது என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டுப் பழகட்டும். ஹால் டிக்கெட்டைச் சாமி காலடியில் வைப்பதால் வருஷம் நினைவில் நிற்காது. காரணம் தெரிந்தால் தானே நிற்கும்.

நாம் எழுந்திருக்கும்போது, பரீட்சை முடிந்ததும் மகளைக் கைமடி வேலைக்குச் சேர்த்துவிடுவதாக உத்தேசம் என்று தோழர் மெதுவாகச் சொன்னார். டெய்லர் மகள் கைமடி என்பது எந்தச் சட்டம் என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால், பெண் புத்தகத்தை மூடிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்ட பெண்கள் உள்ள ஒவ்வொரு வீட்டுத் தகப்பனாரும், அந்தப் பார்வைக்குக் காலேஜ் விண்ணப்பத்தைக்கொண்டு பதில் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.