உமிக்கு யார் கடன் கொடுப்பார்?

2007 ஆகஸ்ட் 15. நாடு முழுக்க கொடியேற்றிக் கொண்டிருந்த அன்று, பீகாரின் மேற்கு சம்பாரண் மாவட்டத்தில் தம்குஹா என்ற கிராமம் முதல் முறையாக உமியில் பல்பு எரிந்து பார்த்தது. ஹஸ்க் பவர் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தின் கதை அங்கேதான் தொடங்கியது. நெல் உமியை கேசிஃபயரில் போட்டு அரைகுறைக் காற்றில் எரித்தால் ஒரு வாயு வரும். அந்த வாயுவில் எஞ்சின் ஓடும், எஞ்சினால் ஜெனரேட்டர் சுற்றும். பத்திரிகைகள் கொண்டாடின, பரிசுகள் குவிந்தன.

பிறகு? அதே நிறுவனம் பின்னாளில் சூரிய ஒளிப் பலகைகளுக்கும் பேட்டரிக்கும் நகர்ந்தது. உமியை நம்பிப் பிறந்து, பெயரிலேயே உமியை வைத்திருக்கும் நிறுவனத்துக்கே இந்த நிலை!

உடனே பலரும் சொல்வது, "டெக்னாலஜி சரியில்லை" என்பதுதான். கேசிஃபயர் தொல்லை பிடித்த மெஷின் என்பது உண்மை. தார் படியும், ஃபில்டர் அடைக்கும், தினமும் யாராவது சாம்பலை அள்ள வேண்டும். ஆனால் டீசல் பம்புசெட்டும் தொல்லை பிடித்ததுதானே? அதை நம் விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் ஓட்டவில்லையா? கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் ஹொசஹள்ளி என்ற சின்னஞ்சிறு கிராமத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 1988-லேயே விறகு கேசிஃபயர் வைத்து விளக்கு எரியவிட்டது. குடிநீர் இறைத்தது, மாவு மில்லும் ஓட்டியது. ஆக, மெஷின் ஓடும். ஓடாதது கணக்கு!

அந்தக் கணக்கைத்தான் ஒரு முறை போட்டுப் பார்ப்போமே.

10 கிலோவாட் கேசிஃபயர், 100 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் 5 மணி நேரம் மட்டும் ஓட்டினால் ஒரு நாளைக்கு 50 யூனிட். ஒரு யூனிட்டுக்கு ஒன்றரை கிலோ உமி என்றால் தினமும் 75 கிலோ, வருடத்துக்கு சுமார் 27 டன். வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் வசூலித்தால் வருட வருமானம் 1,20,000 ரூபாய். உமி கிலோ 2 ரூபாய் என்றால் எரிபொருளுக்கு ஏறக்குறைய 55,000 போகும். மீதியில் ஆபரேட்டர் சம்பளம், ஆயில், ரிப்பேர் என்று எப்படியோ சமாளிக்கலாம். அதே உமி 4 ரூபாய் ஆகிவிட்டால்? எரிபொருளுக்கே 1,09,500 ரூபாய். கையில் நிற்பது 10,500. அது ஒரு ஆபரேட்டருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் சம்பளம் கொடுக்கக்கூடக் காணாது!

உமி விலை ஏன் ஏறுகிறது? நேற்று வரை குப்பையாகக் கிடந்த பொருளுக்கு "விலை உண்டு" என்று தெரிந்த நாள் முதல் ரைஸ் மில்காரர் அதைச் சும்மா கொடுப்பாரா? செங்கல் சூளையும் அதையே கேட்டு நிற்கிறது. இதில் யார் மீதும் தப்பில்லை, இது சந்தை.

தப்பு கொள்கையில் இருக்கிறது. மத்திய அரசின் கிராம எரிசக்திப் பாதுகாப்புத் திட்டம் மெஷின் செலவில் 90 சதவீதம் வரை மானியம் கொடுத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சூரிய ஒளிப் பலகைக்கு வேண்டுமானால் இந்த முறை பொருந்தும், ஏனென்றால் அங்கே செலவெல்லாம் முதல் நாளிலேயே முடிந்துவிடும். சூரியன் பில் அனுப்புவதில்லை! கேசிஃபயர் அப்படியல்ல, அதற்குத் தினமும் தீனி வேண்டும். அறுவடை முடிந்து விலை மலிந்திருக்கும்போதே வருடத்துக்கான உமியை வாங்கி நனையாமல் சேர்த்து வைக்க வேண்டும். அதற்கு மொத்தமாகப் பணம் வேண்டும். வருமானமோ நூறு நூறு ரூபாயாக மாதாமாதம் வரும். இந்த இடைவெளியை அடைப்பதற்குப் பெயர்தான் நடைமுறை மூலதனம். காமர்ஸ் படிக்கும் பிளஸ் ஒன் மாணவனுக்குத் தெரிந்த இந்தப் பாடம், திட்டம் போட்டவர்களுக்குத் தெரியாமல் போனது எப்படி?

"வங்கியில் வாங்கலாமே" என்பார்கள். 2015-லேயே ரிசர்வ் வங்கி உயிர்ப்பொருள் மின்சாரத்தை முன்னுரிமைக் கடன் பட்டியலில் சேர்த்துவிட்டது. 15 கோடி ரூபாய் வரை என்று தொடங்கிய வரம்பு 2020-ல் 30 கோடி ஆனது. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிடுவாரா? அவர் கேட்பது ஈடு. பழைய கேசிஃபயரை யார் ஏலம் எடுப்பார்? உமிக் குவியலை எந்த வங்கி அடமானம் பிடிக்கும்?

நம்மூர் உதாரணம் ஒன்று. கோவை மாவட்டம் ஓடந்துறை பஞ்சாயத்து 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. அதற்கு வங்கி 1 கோடியே 15 லட்சம் கடன் கொடுத்தது. ஒரு பஞ்சாயத்துக்கு! காரணம் எளிது. காற்றாலை மின்சாரம் கிரிட்டில் சேர்கிறது, அதற்குக் கணக்கு இருக்கிறது, வரவு நிச்சயம். கிரிட் இல்லாத ஊரில் நூறு குடிசைகள் தரும் நூறு ரூபாய்க்கு அந்த நிச்சயம் இல்லை. வங்கி பார்ப்பது காற்றா உமியா என்பதை அல்ல, பணம் எங்கிருந்து வரும் என்பதை.

அடுத்தது கிரிட். 2003 மின்சாரச் சட்டத்தின் 14-வது பிரிவு, அரசு அறிவிக்கும் கிராமப்புறங்களில் லைசென்ஸ் இல்லாமலே மின்சாரம் தயாரித்து விற்கலாம் என்றது. கதவு திறந்தது, ஆனால் பாதுகாப்பு வரவில்லை. நாளைக்கே அரசின் மின்கம்பம் வந்துவிட்டால் போட்ட முதல் என்னாவது? உத்தரப் பிரதேசம் 2016-ல்தான் இதற்கு ஒரு கொள்கை கொண்டு வந்தது. அதே ஆண்டு தேசிய அளவில் தயாரான வரைவு வரைவாகவே நின்றுபோனது. 2017-ல் சௌபாக்யா திட்டம் வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம்தான், ஏழை வீட்டில் விளக்கு எரிவதை யார் குறை சொல்வார்? ஆனால் மானிய விலை மின்சாரத்தோடு உமி மின்சாரம் எப்படிப் போட்டியிடும்?

"கிரிட்தான் வந்துவிட்டதே, இனி எதற்கு இந்தப் பேச்சு?" என்று கேட்கலாம். கம்பி வருவது வேறு, மாவு மில்லும் பம்பும் குளிர்பதனக் கிடங்கும் ஓடும் அளவுக்கு நிலையான மின்சாரம் வருவது வேறு. விளக்கை மட்டும் நம்பினால் கேசிஃபயர் பிழைக்காது என்பது மேலே போட்ட கணக்கிலேயே தெரிகிறது. பகலிலும் தொழிலுக்கு ஓடினால்தான் பிழைக்கும்.

இன்னொரு வேடிக்கை. 2021 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம், அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு வேளாண் கழிவு உருண்டைகளையும் கலந்து எரிக்க வேண்டும் என்றது. பெரிய நிலையங்களுக்கு நீண்ட கால ஒப்பந்தத்தோடு வைக்கோல் போகிறது. வைக்கோல் விளைந்த கிராமத்துக்கு அந்த உறுதியைக் கொடுக்க யாரும் இல்லை!

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மெஷினுக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு பகுதியை, ஓடிய யூனிட்டுக்கு இவ்வளவு என்று கொடுங்கள். பயிருக்குக் கடன் அட்டை இருப்பது போல உமி வாங்கவும் பருவக் கடன் கொடுங்கள். கிரிட் வந்தால் நஷ்ட ஈடோ, மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் உறுதியோ முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

மாடு வாங்கப் பணம் கொடுத்துவிட்டுத் தீவனத்துக்குக் கைவிரிப்பவர்கள், பால் கறக்கவில்லையே என்று மாட்டைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்?