சமைத்துப் போட ஆள் இருந்தால் அது நடை இல்லையா?

சாப்பாடு தயாராக இருக்கிறது. இரவில் மெத்தை உண்டு. குளிக்க வெந்நீர் உண்டு. வழி காட்ட ஒருவர் முன்னே போகிறார். பின்தங்கியவர்களைக் கூட்டி வர இன்னொருவர் கடைசியில் வருகிறார்.

இத்தனை ஏற்பாட்டுடன் காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வந்து, "நான் மலையைக் கடந்தேன்" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்கள் சிரிக்கிறார்கள்.

"இதுவும் ஒரு நடையா? விருந்துக்குப் போய் வந்தேன் என்று சொல்!" என்கிறார்கள்.

இந்தச் சிரிப்பு நியாயமா? நியாயம் இல்லை என்பது என் கருத்து. ஆனால் இந்த விஷயத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

உலகப் புகழ் பெற்ற பாதை

நியூசிலாந்து நாட்டின் தென் தீவில் மில்போர்டு பாதை என்று ஒரு காட்டுப் பாதை இருக்கிறது. நீளம் 53.5 கிலோமீட்டர். 1908-ம் ஆண்டிலேயே லண்டன் 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகை, "உலகத்திலேயே மிகச் சிறந்த நடை" என்ற தலைப்பில் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. எழுதியவர் பிளாஞ்ச் பாகன் என்ற பெண்மணி.

இந்தப் பாதைக்கு மோட்டார் வண்டியில் போக முடியாது. தே அனாவு என்ற பெரிய ஏரியைப் படகில் கடந்து போக வேண்டும். அக்கரையில் காடு தொடங்குகிறது. கிளிண்டன் ஆற்றை ஒட்டி நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுவர் போல மலைகள். பிறகு 1,154 மீட்டர் உயரமுள்ள மக்கினன் கணவாயில் ஏற வேண்டும். அப்புறம் செங்குத்தான இறக்கம். முழங்கால் கெஞ்சுவது அங்கேதான்! இறங்கியதும் 580 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று பாய்ச்சலாக விழும் சதர்லாந்து நீர்வீழ்ச்சி.

பாதை முடியும் இடத்துக்குப் பெயர் 'மணல் ஈ முனை'. அங்குள்ள சின்னஞ்சிறு ஈக்கள் பணக்காரர், ஏழை என்று பார்ப்பதில்லை. எல்லோரையும் கடிக்கும்!

இரண்டு வகைப் பயணிகள்

இந்தப் பாதையில் இரண்டு விதமாக நடக்கலாம்.

ஒன்று, வழிகாட்டியுடன் போவது. பணத்தைக் கட்டிவிட்டால் மற்ற ஏற்பாடெல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. இரவில் தங்க விடுதி. சூடான சாப்பாடு. நனைந்த துணிகளை உலர்த்தத் தனி அறை. மாற்று உடை, மழைக்கோட்டு, மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் இவற்றை மட்டும் முதுகில் சுமந்தால் போதும்.

மற்றொன்று, தானே போவது. இவர்கள் அரசாங்கத்தின் குடில்களில் தங்குகிறார்கள். அங்கே அடுக்குக் கட்டிலும் எரிவாயு அடுப்பும் இருக்கும். அரிசி, பருப்பு, பாத்திரம், படுக்கை எல்லாம் பயணியின் முதுகிலேதான் போக வேண்டும். செலவு குறைவு. சுமை அதிகம்.

முதல் வழிக்கு ஆகும் பணம் இரண்டாவது வழியைப் போலப் பல மடங்கு.

முதல் வழிகாட்டியே சமையற்காரர்

"அந்தக் காலத்தில் வீரர்கள் தனியாக நடந்தார்கள். இந்தக் காலத்தில்தான் சொகுசு வந்துவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். இந்தப் பாதையின் கதை அப்படி இல்லை.

மாவோரி மக்கள் பச்சைக்கல் தேடி இந்தப் பக்கத்து மலைகளிலே முன்பே நடமாடியவர்கள். 1888-ம் ஆண்டு குவின்டின் மக்கினன், எர்னஸ்ட் மிட்செல் என்ற இருவர் மலையைக் கடக்க இந்தக் கணவாயைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு மக்கினன் என்ன செய்தார்? பயணிகளை அழைத்துக்கொண்டு போனார்! அவரே வழி காட்டினார். அவரே சமைத்தும் போட்டார். அவர் சுட்டுக் கொடுத்த அப்பம் போன்ற ஒரு பண்டத்தின் பெயர் 'பொம்பொலோனா' என்று சொல்வார்கள். வழியில் உள்ள ஒரு விடுதிக்கு இன்றும் அதுதான் பெயர்.

1892-ம் ஆண்டு அவர் தே அனாவு ஏரியில் தனியாகப் படகில் போனார். திரும்பவில்லை. உடல் கிடைக்கவே இல்லை. அவர் பெயர் கணவாய்க்கு நிலைத்தது. அந்த உச்சியில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

ஆகவே, வழிகாட்டியும் சாப்பாடும் நேற்று வந்த சொகுசு அல்ல. பாதை திறந்த நாளிலிருந்தே கூட வந்தவை.

1964-ல் நடந்த போராட்டம்

இனி மறுபக்கம்.

பல ஆண்டுகள் இந்தப் பாதையில் ஏற்பாடு செய்யப்பட்ட கூட்டத்தோடுதான் நடக்க முடியும் என்ற நிலை இருந்தது. கட்டணம் கட்டினால் உண்டு. கட்டாவிட்டால் இல்லை. அது யாருடைய நிலம்? தேசியப் பூங்கா. நாட்டு மக்களின் நிலம்!

1964-ம் ஆண்டு ஓட்டாகோ நடைச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் பொறுமை இழந்தார்கள். தங்கள் மூட்டையைத் தாங்களே சுமந்துகொண்டு அந்தப் பாதையில் நடந்தார்கள். அதற்குச் 'சுதந்திர நடை' என்று பெயர் வந்தது. கல் எறியவில்லை. கதவை உடைக்கவில்லை. நடந்தார்கள், அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்குள் தானே நடப்போருக்கென்று தனிக் குடில்கள் எழுந்தன.

அவர்கள் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். வசதி வேண்டுகிறவர் பணம் கொடுத்து வசதியை வாங்கட்டும். ஆனால் பாதையையே விலைக்கு விற்கக் கூடாது.

மழைக்கு முன் எல்லோரும் ஒன்று

அப்படியானால் வழிகாட்டியே வேண்டாமா? வேண்டும்.

அந்தப் பகுதியில் ஓராண்டில் பெய்யும் மழை 6 மீட்டருக்கும் அதிகம். அதாவது மூன்று ஆள் உயரத்துக்கு மேல்! 2020 பிப்ரவரியில் பெருமழை கொட்டிப் பாதை சேதமானது. நடந்துகொண்டிருந்தவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

ஆறு எப்போது பொங்கும், எந்த இடத்தில் நிற்கலாம், எந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது சொகுசா? அது பாதுகாப்பு.

60 வயதில் முதல் தடவையாக மலை பார்க்கப் போகிறவர் இருக்கிறார். முதுகு வலியால் பெரிய சுமை தூக்க முடியாதவர் இருக்கிறார். தனியாகக் காட்டுக்குள் போக அஞ்சும் பெண்மணி இருக்கிறார். வழிகாட்டி இல்லாவிட்டால் இவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இவர்களைப் பார்த்துச் சிரிப்பதால் யாருக்கு என்ன லாபம்?

சாப்பாட்டை மற்றவர் சமைக்கலாம். ஆனால் கணவாயில் ஏறும் கால் நம்முடைய கால்தான். அதற்குக் கூலி ஆள் கிடையாது.

ஒரு கணக்கு

பருவ காலத்தில் ஒரு நாளைக்கு 90 பேர்தான் இந்தப் பாதையில் நடக்கத் தொடங்கலாம். எல்லோரும் ஒரே திசையில் போக வேண்டும். கண்ட இடத்தில் கூடாரம் போட அனுமதி இல்லை. காட்டைக் காக்க இது நல்ல ஏற்பாடு.

அந்த 90 பேரில் வழிகாட்டியுடன் போகிறவர்களுக்கு 50 இடம். தானே சுமந்து போகிறவர்களுக்கு 40 இடம். முன்பதிவு திறந்தால் இந்த 40 இடங்களும் மளமளவென்று தீர்ந்துவிடுகின்றன.

இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். பொதுநிலத்தில் அதிகப் பணம் கட்ட முடிந்தவருக்கு அதிக இடமும், முடியாதவருக்குக் குறைந்த இடமும் இருப்பது ஏன்? பாதிக்குப் பாதியாவது கொடுக்க வேண்டாமா? 50-ஐ 45 ஆக்கினால் விடுதி மூடிப் போகாது. 40-ஐ 45 ஆக்கினால் நாள்தோறும் ஐந்து பேருக்குக் கதவு திறக்கும். அந்த ஐந்து பேர் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் காத்திருக்கும் வாத்தியாராக இருக்கலாம், கல்லூரி மாணவராக இருக்கலாம்.

என் தீர்ப்பு இதுதான். சமைத்துப் போட ஆள் வைத்துக்கொண்டு நடப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முடிந்தவர்கள் தாராளமாக அப்படிப் போகட்டும். ஆனால் மூட்டை சுமந்து வருகிறவருக்கு அதே பாதையில் சமமான இடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். பாதையைப் பராமரிக்கும் அரசாங்கம் இதைக் கவனிக்க வேண்டும்.